பதினோரு நாள் தண்ணீர்

எங்கள் ஊரின் அகலம் ஒரு சிகரெட், நீளம் இரண்டு. பெட்ரோல் பங்க் வாசலில் பற்றவைத்துக்கொண்டு கிழக்கே நடந்தால், இரண்டாவது சிகரெட் விரலைச் சுடும் இடத்தில் ஊர் முடிந்துவிடும். அப்புறம் ஒரு வேலி. அப்புறம் ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் கடல். தெருவுக்கு மெயின் தெரு என்று பெயர். வேறு தெரு கிடையாது. ஆனாலும் யாரும் குழம்பிவிடக் கூடாது என்று இரண்டு முனையிலும் பலகை நட்டிருக்கிறார்கள்.

ஊரின் பெயர் கார்மோடி கிராசிங். கார்மோடி என்பவர் நூறு வருஷத்துக்கு முன்னால் மாட்டுவண்டியோடு ஆற்றைக் கடக்க வந்தார். சக்கரம் களிமண்ணில் இறங்கியது. காய்ந்ததும் கிளம்பலாம் என்று உட்கார்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் முதல் கல் அவருடையது.

ஆறு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். வருஷத்தில் பத்து மாதம் அது நூறு வாய்க்கால்களாகப் பிரிந்து, ஒன்றிலும் தண்ணீர் இல்லாமல், கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடக்கும். தரை கிலோமீட்டருக்கு ஒரு சாண்தான் சரிகிறது. அதனால் எங்கள் வெள்ளம் ஓடி வராது, நடந்து வரும். வடக்கே ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டும். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. பல நாள் கழித்து, சுள்ளென்று வெயில் அடிக்கிற ஒரு காலையில், நாய்களெல்லாம் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். வெட்டுக்கிளிகளையும் சிலந்திகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு பழுப்பு நுரை ஒன்று ஒவ்வொரு வெடிப்பையும் நின்று குடித்துவிட்டு அடுத்ததற்கு வரும். மாலைக்குள் நாங்கள் தீவு. ஐந்து வாரமோ ஏழு வாரமோ, அதன் இஷ்டம்.

தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்கிற ஆள் வெர்ன் ஹாஸ்லம். பிளேடு வைத்துப் பாதையைச் சமன் செய்கிற கவுன்சிலின் கிரேடர் வண்டியை ஓட்டுகிறவர். தெற்கே தார் ரோடு தொடங்கும் இடம் வரைக்கும் நூற்றெழுபது கிலோமீட்டர் மண்பாதையை இருபத்தாறு வருஷமாக வழித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்தக் கோடி கெட்டுவிடும், திரும்பி வருவார். ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு நெருங்கிய சொந்தம். ஆற்றுக்கு மேலே, வடக்கே உள்ள பண்ணையில் எவ்வளவு மழை என்று ரேடியோவில் கேட்டுவிட்டு, அரை நிமிஷம் கண்ணை மூடி, நாளைச் சொல்வார். அரை நாளுக்கு மேல் பிசகியதில்லை.

அவர் மனைவி நோலீனுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷமாக ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள். முதல் தடவை கிளம்பியபோது கியர்பாக்ஸ் போயிற்று. இரண்டாம் தடவை வெர்னுக்கு முதுகு பிடித்தது. மூன்றாம் தடவை எல்லாமே சரியாக இருந்தது. வெர்னின் அம்மா செத்துப்போனாள். நோலீன் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இரண்டே பேர் மிஞ்சியதும் பள்ளியையும் மூடிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கடற்கரை ஊர் ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறைக்கு எழுதிப்போட்டாள். பதில் வந்தது. மார்ச் பதினாறு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் வர வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயர். அந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தாள். வெர்னும் வருவதாகச் சொல்லியிருந்தார். வேலையை விடுவதாகக் கவுன்சிலுக்கு எழுதிக்கொடுத்தும் விட்டார்.

மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மேலே பெருமழை என்று ரேடியோவில் செய்தி வந்தது. அன்று சாயங்காலம் ஊரின் முப்பத்தொரு பேரும் பப்பில் இருந்தோம். பப் முதலாளி பெர்ஸ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லு வெர்ன். எத்தன நாளு?"

வெர்ன் கண்ணை மூடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் மூடியிருந்தார் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

"பதினொண்ணு. அடுத்த வாரம் சனிக்கிழமை."

"நல்லதாப் போச்சு," என்றாள் நோலீன். "நாம நாளைக்கே கெளம்பிருவோம்."

"நாளைக்கா? அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டர் பல்லப் பல்லக் காட்டிக்கிட்டுக் கெடக்கு நோலீன். ஒரு வாட்டி வழிச்சு விட்டுடறேன். அடுத்த புதன்கிழமை வண்டிய ஒப்படைக்கணும். வியாழக்கிழமை காலைல ஜம்முன்னு போலாம். தண்ணி வர ரெண்டு நாள் இருக்கும்."

"ரோட்டுக்கு முத்தம் குடுத்துட்டு வரணும்ங்கிற."

"இருபத்தாறு வருசம்டி. ஒரு மரியாத வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தோம். நோலீனும் சிரித்தாள்.

பிறகு பெர்ஸ் கசாப்புக்கடையில் இறைச்சி சுற்றுகிற பெரிய தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். வெள்ளத்துக்கு வெள்ளம் நடக்கிற வழக்கம் இது. ஒரு நாளுக்கு ஆறு கட்டம், நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. மண்பாதை ஆற்றைக் கடக்கிற கடவில், ஆழம் காட்ட நட்டிருக்கிற முதல் வெள்ளைக் கம்பத்தைத் தண்ணீர் எந்தக் கட்டத்தில் தொடுகிறதோ, அந்தக் கட்டக்காரருக்குப் பாதை திறக்கும்வரை குடி இலவசம். கட்டங்கள் தொண்ணூற்றாறு, ஆட்கள் முப்பத்தொன்று. வெறும் தாள் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்று நாய்களையும் சேர்த்துக்கொள்வோம். ஆட்கள் எல்லோரும் சனிக்கிழமையைச் சுற்றி மொய்த்தார்கள். மிச்சக் கட்டங்களில் அவரவர் தங்கள் நாயின் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். நாய் எங்கே விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?

தபால் அலுவலகம் நடத்துகிற கோரல் மட்டும் புதன்கிழமை மத்தியானக் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். அவள் குடும்பம் கார்மோடியின் வண்டி வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலிருந்து இந்த ஆற்றங்கரையில் இருக்கிறது.

"கோரல், நீ நாய்ங்க பக்கம் எழுதிட்ட," என்றார் பெர்ஸ்.

"இருக்கட்டும். நாய்ங்க சகவாசம் பரவால்ல."

*

பதினோராம் தேதி, புதன்கிழமை. நோலீன் தட்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டி முற்றத்தில் பாதிச் சாமானோடு நின்றது. மெத்தை, தையல் மிஷின், தகர டிரங்குப் பெட்டி இரண்டு. காலையிலிருந்து எலும்போடு உப்பிறைச்சி வெந்துகொண்டிருந்தது, வழியில் சாப்பிட. ஒன்பதரை மணிக்குக் கோரல் வந்து கம்பிவலைக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"நோலீன், அடுப்ப அணச்சுட்டு வா."

"என்னது?"

"வந்து பாரு."

ஆற்றுக் கடவு ஊரிலிருந்து தெற்கே நான்கு கிலோமீட்டர். அங்கே போனபோது பாதி ஊர் ஏற்கெனவே நின்றிருந்தது. பாதை தண்ணீருக்குள் இறங்கி, அந்தப் பக்கம் ஏறவேயில்லை. முதல் வெள்ளைக் கம்பம் முழங்கால்வரை நனைந்திருந்தது. சத்தமே இல்லை, வெடிப்புகளிலிருந்து காற்றுக் குமிழிகள் மட்டும் ஏதோ கொறிக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தன. வானம் கழுவிவைத்த நீலம்.

"இன்னைக்குப் புதன்," என்றாள் நோலீன்.

யாரும் மறுக்கவில்லை.

வெர்ன் கடவுக்கு இந்தப் பக்கம் கிரேடரை நிறுத்திவிட்டு, அதன் பிளேடில் உட்கார்ந்திருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகப் போய் அவர் தோளைத் தட்டினார்கள். துக்க வீடு மாதிரி இருந்தது.

"விடு வெர்ன். மனுசனுக்குத் தப்பு வராம இருக்குமா?"

"இருபத்தாறு வருசத்துல ஒரு வாட்டி."

"ஜனவரில மேல ஒரு தண்ணி வந்துச்சுல்ல, அது அங்க வெடிப்பையெல்லாம் ரொப்பிருச்சு. ரெண்டாவது தண்ணிக்கு வழில குடிக்க ஆளில்ல, வேகமா வந்துருச்சு. நமக்குக்கூடத் தோணாமப் போச்சு பாரு."

"எனக்குத் தோணுச்சு," என்றாள் கோரல். "யாரும் கேக்கல."

நோலீனின் தோளை யாரும் தட்டவில்லை. அவள் தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெர்னிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல. எதாவது வழி பாப்போம்," என்றாள். வெர்ன் தலை நிமிரவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. நானும் கலங்கியதாகவே ஞாபகம்.

பன்னிரண்டு மணிக்குப் பப்பில் பெர்ஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளுக்கு முன்னால் நின்றார். துக்கமோ இல்லையோ, யாருக்குக் குடி இலவசம் என்று தெரிந்தாக வேண்டும்.

"பதினொண்ணு, புதன். காலைல எட்டுலேந்து பன்னெண்டு." விரல் கட்டத்தில் வந்து நின்றது. "ஸ்பேனர்."

கோரல் ஒரு கட்டத்தில் தோற்றிருந்தாள்.

எங்கள் ஊரில் பத்தொன்பது நாய்கள். எது யாருடையது என்று தெரியாதவர் கிடையாது. ஸ்பேனர் வெர்னின் நாய், கிரேடரில் காலடியில் படுத்து வருவது. போதாக்குறைக்கு, பாதையோரப் பலகைகளில் 'பள்ளம்', 'மெதுவாக' என்றெல்லாம் எழுதுகிற அதே கொட்டை எழுத்து. ஒரே ஒரு நாய், சரியான ஒரே கட்டம்.

நோலீன் தாளுக்கு அருகே போய்ப் படித்தாள். நான்கு எழுத்தைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

வெர்ன் தொப்பியைக் கழற்றினார். "நோலீன், வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"எப்ப?"

"அன்னைக்கே."

"எட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டே பதினொண்ணுன்ன."

"ஆமா."

"அப்புறம் இத ஏன்டா எழுதின? எழுதாம இருந்திருந்தா சாகறவரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காதே. நான் ஒன் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே!"

வெர்ன் தொப்பியைச் சுற்றினார், ஒரு முழுச் சுற்று.

"தாளு மாட்டியிருக்கு. தண்ணி வருது. அந்தக் கட்டம் சும்மா கெடக்கு. கையி கேக்கல." அப்புறம் சொன்னார்: "ஒன்கிட்ட பொய் சொல்ல முடிஞ்சுது. ஆத்துகிட்ட முடியல."

பெர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். அந்த உறை மூடுகிற சத்தம் ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ஊர்தான் முழுக்க அங்கே இருந்ததே.

"அங்க போயி நான் என்ன பண்ணுவேன் நோலீன்? எல்லாம் தார் ரோடு."

அவள் வெளியே நடந்தாள். வீட்டுக்குப் போய் பிக்கப்பிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி தவிர மற்றதை இறக்கிவிட்டு, வேகாத இறைச்சிப் பானையை ஏற்றிக்கொண்டு, புருஷனை விட்டுப் பிரிந்தாள். தண்ணீர் விட்ட மட்டும் போனாள். அறுநூறு மீட்டர்.

*

ஊரின் கிழக்குக் கோடியில் குதிரைப் பந்தய மைதானம். வருஷத்துக்கு ஒரு நாள் பந்தயம். மிச்ச நாளெல்லாம் அது ஒரு கம்பிவேலி போட்ட வெட்டவெளி. நடுவர் அறை என்று ஒரு தகரக் கொட்டகை, பந்தயம் தெரிவதற்காக மூன்று பக்கம் ஜன்னல். நோலீன் அதில் குடியேறினாள். மூன்று ஜன்னலில் எதில் பார்த்தாலும் அவள் வீடு தெரிந்தது. அது வீட்டின் குற்றமில்லை. எங்கள் நிலத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தாலே மலை மாதிரி தெரியும். அவள் நாற்காலியை ஜன்னல் இல்லாத நான்காவது பக்கம், சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

வேறு ஊரில் என்றால் கோபித்துக்கொண்டு போன பெண் தங்கை வீட்டில் இருப்பாள், கண் மறைவாக இருப்பாள். இங்கே வெர்ன் காலையில் கொடியில் சட்டை காயப்போட்டால் அவளுக்குத் தெரியும். அவள் குளிக்கத் தண்ணீர் சுமந்தால் அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் இருபத்தொன்பது பேருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஊர் முறை வைத்துப் போய்ப் பார்த்தது. பெர்ஸ் பப்பிலிருந்து ஐஸ் கொண்டுபோனார். வெர்ன் தன் இலவசக் குடியை வாங்க வரவில்லை என்றும், ஆனால் ஸ்பேனர் வந்து வாசலில் படுத்திருக்கிறது என்றும் தகவல் சொன்னார். நோலீன் ஐஸை மட்டும் வாங்கிக்கொண்டாள். கோரல் ஆட்டுக்கறியும் தணலில் சுட்ட ரொட்டியும் கொண்டுபோய், அங்கேயே உட்கார்ந்தாள்.

"சனிக்கிழம தபால் பிளேன் வரும்," என்றாள் கோரல். "ஒம்பது மணிக்கு. மூட்டையோட மூட்டையா ஒன்னையும் ஏத்திக்கச் சொல்லி பைலட் ஃபெர்கஸ்கிட்ட ரேடியோல பேசிட்டேன். பிளேன் போய் எறங்கற ஊர்ல ஞாயித்துக்கிழம பஸ்ஸப் புடிச்சா திங்கக்கிழம விடியறப்ப கடல்."

நோலீன் ரொட்டியைப் பிய்த்தபடியே இருந்தாள். "ரன்வே?"

"மேட்டுலதான இருக்கு. தண்ணி ஏறாது."

"அத யாரு பாத்து சொல்லணும்?"

கோரல் எலும்பை நாய்க்குப் போட்டாள். ஓடுபாதையைப் பார்த்து 'திறந்திருக்கு', 'மூடியிருக்கு' என்று விமானிக்குச் சொல்வதும் கவுன்சில் வேலைதான். கவுன்சிலுக்கு எங்கள் ஊரில் ஒரே ஆள்.

வியாழன் சாயங்காலம் எங்கள் தலைக்கு மேலேயே, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மேகம் கூடி மழை பெய்தது. தகரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு மணி நேரம். வெள்ளி முழுக்க வெயில் காய்ந்தது.

*

சனிக்கிழமை காலை ஆறரைக்கு வெர்ன் ஓடுபாதையிலிருந்து நேராகப் பந்தய மைதானத்துக்கு வந்தார். கொட்டகைக்கு இருபதடி தள்ளியே நின்றார். நோலீன் பயண உடுப்போடு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். தபாலில் வரவழைத்த புதுச் செருப்பு, கட்டைக் குதி. சுற்றிலும் நாங்கள், வழியனுப்ப.

"மூடணும் நோலீன்," என்றார் வெர்ன். "வடக்குப் பாதி ஊறிப்போய்க் கெடக்கு."

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.

"எட்டா பதினொண்ணா வெர்ன்?" என்றார் பெர்ஸ்.

"சத்தியமா சொல்றேன்."

"ஸ்பேனரக் கூப்பிடு. அது சொல்லட்டும்."

"நேத்து பூரா வெயிலடிச்சுது. பாத்தாலே தெரியுது, அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு."

"மேலதான்டா காஞ்சிருக்கு! அடில களி! வண்டிய ஓட்டிப் பாத்தேன், நடந்தும் பாத்தேன். பிளேன் சக்கரம் எறங்குச்சுன்னா மூக்கு குத்திக்கும். ஃபெர்கஸுக்கு ரெண்டு கொழந்த இருக்கு." அவர் நோலீனை மட்டும் பார்த்தார். "நீயும் உள்ள இருப்ப."

நோலீன் எழுந்து பெட்டியைப் பிக்கப்பில் வைத்தாள்.

ஓடுபாதை ஊருக்கு வடக்கே, தொள்ளாயிரம் மீட்டர் செம்மண். தெற்கு முனையில் தகரக் கொட்டகை, காற்றின் திசை காட்டுகிற துணிப்பை, ரேடியோ. எட்டரைக்கு எல்லோரும் அங்கே இருந்தோம். பெர்ஸ் மைக்கைக் கையில் எடுத்தார்.

"நோலீன், நீ ஒண்ணும் கவலப்படாத. ஃபெர்கஸ்கிட்ட நான் சொல்லிடறேன், தெறந்திருக்குன்னு. இந்த ஆளு பேச்ச இனிமே ஒருத்தரும் கேக்கப்போறதில்ல."

"வேணாம் பெர்ஸ்," என்றார் வெர்ன். இரண்டு பேர் அவருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் நின்றார்கள்.

"இரு," என்றாள் நோலீன். "நான் பாத்துட்டு வரேன்."

அவள் நடந்தாள். ஓடுபாதையைச் சோதிக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். இருபதடிக்கு ஒரு தடவை நின்று, குதிகாலால் ஓங்கிக் குத்த வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இறங்கினால் மூடு. நூறு மீட்டரில் குத்தினாள், டக்கென்று சத்தம் வந்தது. இருநூறில் டக். முந்நூறில் டக். எங்களில் ஒருவர் கைதட்டினார். அவள் நடை வேகமாயிற்று. நானூறில் பெர்ஸ் வெர்னைப் பார்த்து, "என்ன சொல்ற?" என்றார். வெர்ன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி தூரத்தில் அவள் குத்தினாள். சத்தம் வரவில்லை.

காலை உருவி, இடதுபக்கம் போய்க் குத்தினாள். பிறகு வலதுபக்கம். பிறகு இன்னும் பத்தடி முன்னால். அங்கே கணுக்கால்வரை போயிற்று. செருப்பு உள்ளேயே நின்றுகொண்டது. குனிந்து இரண்டு கையாலும் இழுத்தாள். வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

திரும்பி வந்து சேர்வதற்குள் ரேடியோ கரகரத்தது. பெர்ஸ் மைக்கைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கை நீட்டினாள். கொடுத்துவிட்டார்.

"கார்மோடி, கார்மோடி. ஃபெர்கஸ் பேசறேன். பதினஞ்சு நிமிசத்துல வந்துருவேன். ரன்வே எப்படி?"

"ஃபெர்கஸ், நோலீன் பேசறேன்."

"அடடே, பொண்ணே ரெடியா நிக்குது. பெட்டி எத்தன?"

"ரன்வே மூடியிருக்கு."

கரகரப்பு. பிறகு, "யாரு சொன்னது? வெர்னா? அந்த நாய் சமாச்சாரம் எட்டு ஊருக்கும் தெரியும் நோலீன். அவன் மூடியிருக்குன்னு சொன்னா நம்பாம எறங்கிப் பாக்கறதாத்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

"நான் சொல்றேன். நானே நடந்து பாத்தேன். வடக்குப் பாதி தாங்காது. எறங்காத."

இந்தத் தடவை கரகரப்பு ரொம்ப நேரம் நீடித்தது.

"நீ சொன்னா சரி," என்றார் ஃபெர்கஸ். "ஒன்னத் தவிர வேற யாரு சொன்னாலும் ஒரு சுத்து வந்து பாத்திருப்பேன். திரும்பிப் போறேன். மன்னிச்சுக்கோ பொண்ணே."

"ம்."

"அடுத்த சனிக்கிழம வருவேன். காலைல யாரக் கூப்பிடட்டும்?"

கொட்டகைக்குள் இருந்த அத்தனை பேரும் நோலீனைப் பார்த்தோம். வெர்ன் தரையைப் பார்த்தார். வடக்கே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், விமானச் சத்தம் தேய்வது நிஜமாகவே கேட்டதா, எங்களுக்குத் தோன்றியதா என்று இன்னும் தகராறு உண்டு.

"என்னக் கூப்பிடு," என்றாள்.

மைக்கை ஆணியில் மாட்டினாள். வெர்ன் ஒரு அடி எடுத்து வைத்தார். "நான் சொன்னேன்ல நோலீன்," என்றார். உலகத்தில் சொல்வதற்கு வேறு ஆயிரம் வாக்கியம் இருந்தது.

"நீ சொன்ன. அதனாலதான் நடந்து பாக்க வேண்டியதாப் போச்சு."

கோரல் தன் வண்டிச் சாவியை எடுத்தாள். "வா, போலாம்."

"எங்க?"

கோரல் யோசித்தாள். சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்.

நோலீன் இன்னொரு செருப்பையும் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கொட்டகை வாசலில் வைத்தாள். நானூற்றைம்பது மீட்டர்தான் பார்த்திருக்கிறாள். விதிப்படி முழு நீளமும் பார்க்க வேண்டும். வெறுங்காலோடு மறுபடி நடக்க ஆரம்பித்தாள், இருபதடிக்கு ஒரு தடவை நின்று, ஓங்கிக் குத்தி. அந்தக் கோடியில் ஒரு வேலி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், வானம் முடிகிற இடம்வரைக்கும், அசையாமல்.